விழுந்ததாகச் சொல்லவில்லை

என் கையெழுத்து அழகானது. டாக்டர்களில் அது அபூர்வம் என்று சேலத்து மருந்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள்.

1957இல் ஓர் அரசு ஆஸ்பத்திரியில், புத்தி பேதலித்து அவசரமாகக் கொண்டுவரப்படுகிறவர்களைப் பார்க்கும் அறை என் பொறுப்பு. பெரும்பாலோர் கயிற்றுக் கட்டோடுதான் வருவார்கள். கூட்டி வருகிறவர்கள் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. கிணற்றில் விழுந்தான், வண்டியிலிருந்து விழுந்தான் என்பார்கள். மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லைக் காதில் வாங்காமலிருக்கப் பழகிவிட்டேன்.

மோகனூர்ப் பக்கத்திலிருந்து செங்கோடன் தன் அண்ணன் சென்றாயனைக் கட்டிக் கொண்டுவந்தான். சென்றாயன் கத்திக்கொண்டும் திமிறிக்கொண்டும் இருந்தார்.

"நேத்து தென்னையிலிருந்து உழுந்துட்டாருங்க சாமி. ராத்திரி நல்லாத்தான் சோறு தின்னாரு. காத்தாலயிருந்துதானுங்க இப்படி."

"எல்லாரும் விழுந்தவர்கள்தான். இந்த ஜில்லாவில் நேராக நிற்கிறவன் யாருமே இல்லையா?" என்றேன். சிப்பந்திகள் சிரித்தார்கள்.

தூக்க ஊசி போட்டேன். சென்றாயன் அடங்கினார். குடுமியை அவிழ்த்து ஒரு விரலால் தடவியிருந்தாலே போதும். மாலையில் இறந்துபோனார். மண்டையோடு வெடித்து, உள்ளே ரத்தம் கட்டியிருந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் எழுதினார்கள்.

அந்த அறிக்கை என் மேஜைக்கு வருமுன் நோயாளிக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: 'விழுந்ததாகக் கூட்டி வந்தவர் சொல்லவில்லை.' அவ்வளவுதான். மீதியைப் போலீஸார் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பிக்குக் கிணற்றுத் தண்ணீரில் முறைத் தகராறு இருந்தது. கயிறும் தம்பியுடையது. அண்ணனை அடித்துக் கொன்றதாக வழக்கு.

கோர்ட்டில் வேதாகமத்தைத் தொட்டு அதே வரியைச் சொன்னேன். சிப்பந்திகளை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. "உங்ககிட்டச் சொன்னேனுங்களே சாமி" என்றான் செங்கோடன் கூண்டிலிருந்து. சென்றாயனின் மனைவி ஆராயி வாசலில் மண்ணை வாரி அவன்மேல் தூற்றினாள். ஏழு வருஷம் தண்டனை.

சனிக்கிழமைதோறும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். கோபத்தைச் சொல்லியிருக்கிறேன், சோம்பலைச் சொல்லியிருக்கிறேன்.

1964இல் செங்கோடன் என் சொந்த வைத்தியசாலைக்கு வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தூக்கமே வரமாட்டேங்குதுங்க சாமி. அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னேனா, சொல்லலையான்னு எனக்கே இப்பத் தெரியலீங்க. ஊரே சொல்லலைங்குது. படிச்சவங்க நீங்களும் அப்படித்தான் சொன்னீங்க. சொல்லாம உட்டு, அண்ணனை நானேதான் கொன்னுட்டனுங்களா?"

சொன்னாய் என்ற ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது.

சீட்டில் 'நினைவுக் குழப்பம்' என்று எழுதி, தூக்கத்துக்கு மாத்திரையும் எழுதினேன். செங்கோடன் அதை இரண்டு கையாலும் வாங்கி, உற்றுப் பார்த்தான். படிக்கத் தெரியாதவன்.

"எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.