பதினாலாம் நம்பர் டோக்கன்

— ஏங்க, மெதுவாப் போங்க! பள்ளத்துலயே வுடுறீங்களே. வயித்துல அஞ்சு மாசம்னு ஞாபகம் இருக்குதா இல்லையா?

— கெட்டியாப் புடிச்சிக்க, அம்சு. பின்னால அந்தச் செவப்பு ஸ்கூட்டி இன்னும் வருதா பாரு.

— வருது. பஸ் ஸ்டாண்டுலேருந்தே வருது. ஹெல்மெட்டு போட்டிருக்குது, ஆளு தெரியல. யாருங்க அது?

— தெரியாது. திரும்பித் திரும்பிப் பாக்காத.

— நீங்கதான பாக்கச் சொன்னீங்க! நல்லா இருக்குதே கதை. விருத்தாசலத்துக்கு ஸ்கேன் எடுக்க வந்தமா, மெஸ்ஸுல விரால் வறுவல் சாப்ட்டமா, கருவேப்பிலங்குறிச்சிக்கு வூடு போய்ச் சேந்தமான்னு இல்லாம, ஒரு ஸ்கூட்டிக்குப் பயந்து இந்த ஓட்டம் ஓட்டுறீங்க. சட்டையெல்லாம் நனைஞ்சி கெடக்குது.

— வெயிலு.

— வெயிலா? வானம் மூடிக்கிட்டு நிக்குது. இருங்க, ஸ்கேன் சீட்டு நனையப் போகுது, உங்க பாக்கெட்டுல இருக்குதா?

— பாக்கெட்டுல கைய வுடாத, அம்சு. வூட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்.

— அட, சும்மா இருங்க. பாக்கெட்டா இது, பெட்டிக்கடையா? பேனா இருக்குது, மை டப்பா இருக்குது, கம்பெனி ரப்பர் சீலு இருக்குது. இதையெல்லாம் அங்கயே வெச்சிட்டு வர மாட்டீங்களா? சட்டை பூரா ஊதாக் கறை. ஆங், சீட்டு இருக்குது. இது என்னங்க வழுவழுன்னு?

— எது?

— நீல வில்லை. பீங்கான். பதினாலுன்னு எழுதியிருக்குது. ஏங்க… இது மெஸ்ஸு டோக்கனு! இலை பக்கத்துல வெச்சாங்களே. போகும்போது கல்லாவுல காசோட சேத்துக் குடுக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. இது எப்புடி உங்ககிட்ட இருக்குது? காசு குடுத்தீங்களா, இல்லையா?

— நீ குடுத்தேன்னு நெனச்சேன்.

— நானா? நான் கை கழுவிட்டு நேரா வண்டிகிட்ட வந்து நின்னேன். நீங்கதான கல்லாகிட்ட நின்னீங்க. ரொம்ப நேரம் நின்னீங்க. சில்லறை வாங்குறீங்கன்னு பாத்தேன்.

— நின்னேன். கல்லாவுல ஆளு இல்ல.

— அப்புறம்?

— அப்புறம் வந்துட்டேன்.

— வந்துட்டேன்னா? டீக்கடையில ஒரு ரூவா மீதி வந்தா திரும்பப் போயிக் குடுக்குற ஆளு நீங்க. ரெண்டு சாப்பாடு, ஒரு வறுவல் சாப்ட்டுட்டு டோக்கனையும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்னா என்ன அர்த்தம்?

— அது கைப்பழக்கம், அம்சு. கம்பெனில ட்ரேயிலேருந்து ஒரு பீஸ எடுப்பேன், தட்டிப் பாப்பேன், சாம்பிளுக்குன்னு பாக்கெட்டுல போட்டுக்குவேன். இருவது வருசமா அதான் வேலை. பீங்கானக் கண்டா கை அதும் பாட்டுக்கு எடுத்துப் போட்டுக்குது.

— கை எடுத்துச்சு சரி. காலு எதுக்கு வெளிய வந்துச்சு?

— வுடு.

— வண்டியத் திருப்புங்க.

— நாளைக்கு டூட்டிக்கு அந்த வழியாத்தான போவேன். குடுத்துட்டுப் போயிடறேன்.

— இப்பவே திருப்புங்க. போன மாசம் ஒருத்தன் சாப்ட்டுட்டு நழுவுனானாம், வீடியோ எடுத்து வாட்ஸப்புல வுட்டாங்களாம். எங்க பொம்மைக் கம்பெனில அத்தினி பொம்பளைங்களும் பாத்துட்டு உட்காந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நாளைக்கு அந்த வீடியோவுல நான் வயித்தைத் தள்ளிக்கிட்டு நடந்து போவேன். பொம்மைக்குக் கண்ணு எழுத எந்த மொகத்தோட போயி உட்காருவேன்?

— நாம வேணும்னா செஞ்சோம்? தெரியாமத்தான வந்தோம்?

— தெரியாம எழுந்து வந்தது வேற. இப்ப டோக்கனு என் கையில இருக்குது. தெரிஞ்சி போச்சு. இனிமே இந்த வண்டி ஓடுற ஒவ்வொரு அடியும் தெரிஞ்சி ஓடுறதுதான்.

— ஒரு நாளு தள்ளிக் குடுத்தா என்ன கெட்டுப் போச்சு?

— ஒரு நாளு தள்ளுனா மறுநாளும் தள்ளத் தோணும். அப்புறம் அந்தத் தெரு வழியாப் போகவே கூசும். நீங்க அப்புடிப்பட்ட ஆளு இல்லியே.

— நீ என்னைப் பத்தி ரொம்ப ஒசத்தியா நெனச்சி வெச்சிருக்க.

— என்ன சொன்னீங்க? காத்துல கேக்கல.

— ஒண்ணுமில்ல. ஸ்கூட்டி?

— கிட்ட வந்துடுச்சு. கையக் காட்டுது. ஏங்க, இன்னொண்ணு சொல்லட்டுமா, பயப்படக் கூடாது. கை கழுவுற எடத்துல அந்த மெஸ்ஸு அம்மா பேசிக்கிட்டு இருந்தாங்க. வீராயின்னு கூப்ட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டப் போறாங்களாம்.

— பிராதா? யாரு மேல?

— ஏன் இப்புடி ஆட்டுறீங்க வண்டிய! நேராப் புடிங்க.

— யாரு மேலன்னு கேட்டேன்.

— அது காதுல வுழல. பேரு தெரியலன்னாங்க. பேரு தெரியாதவன் மேலயும் எழுதிக் கட்டலாமாம். பேப்பர்ல எழுதி சாமிகிட்ட வெச்சிக் கட்டிட்டா, மூணு மாசத்துக்குள்ள கேட்டுடுவாராம். எனக்கு என்ன பயம்னா, போற கையோட அந்தம்மா நம்மளையும் ரெண்டு வரி சேத்து எழுதிட்டா? ஆறு வருசங்கழிச்சி ஒண்ணு தங்கியிருக்குது. ஒரு வறுவலுக்காக…

— வாயக் கழுவு. சாமி அப்புடியெல்லாம் கணக்குப் பாக்காது.

— அப்ப எப்புடிப் பாக்கும்?

— அம்சு, முன்னால பாரு. ரயில்வே கேட்டு போடுறான்.

— போடட்டும். நில்லுங்க.

— ரயிலு வர நேரமிருக்குது. குனிஞ்சி வண்டியச் சாச்சிப் போயிடலாம்.

— பைத்தியமா உங்களுக்கு? நான் எறங்கிட்டேன். சாவியையும் எடுத்துட்டேன். இப்பப் போங்க பாக்கலாம்.

— சாவியக் குடு, அம்சு. கையெடுத்துக் கும்புடுறேன். அது யாருன்னு உனக்குத் தெரியாது.

— உங்களுக்குத் தெரியுமா?

— மொதல்ல சாவியக் குடு.

— ஏங்க, உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குறேன். ஏன் மொகம் இப்புடி வெளுத்துப் போயி இருக்குது?

— அண்ணே! யக்கா! யப்பா, என்னா வேகம். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு.

— ஏங்க, ஹெல்மெட்டக் கழட்டுது பாருங்க. இலை போட்ட பொண்ணுங்க இது! தாயீ, தப்பா நெனச்சிக்காதம்மா. சத்தியமா மறந்துட்டோம். இவரு குடுத்தாருன்னு நானு, நான் குடுத்தேன்னு இவரு. இந்தா டோக்கனு. இந்தா காசு. வீடியோ ஏதும் எடுத்துடாதம்மா.

— அய்ய, வீடியோவா? இதுக்கா இந்த ஓட்டம்? மறந்துட்டுப் போறது யாருக்கும் வர்றதுதான்க்கா. எங்க மெஸ்ஸுல மாசத்துக்கு நாலு பேரு போவாங்க. மறுநாளு தேடிக்கிட்டு வந்து குடுத்துட்டு, ஒரு டீயும் குடிச்சிட்டுப் போவாங்க. டோக்கனக் குடுங்க, அது இல்லன்னா பதினாலாம் நம்பரு இலை போட முடியாது. நான் காசுக்கு வரல.

— பின்ன எதுக்கு இவ்ளோ தூரம்? உன் பேரு என்னம்மா?

— துர்கா. வீராயி மெஸ்ஸுன்னு போட்டிருக்குதே, அவங்க பொண்ணு. எனக்கு அண்ணங்கிட்ட ஒரு வெவரம் கேக்கணும். அண்ணே, நீங்க பீங்கான் கம்பெனிதான? பரிமாறும்போதே பாத்தேன், வெரல்ல ஊதா மை. கெளம்பும்போது கேக்கலாம்னு இருந்தேன், நீங்க கல்லாகிட்ட அப்பா படத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்க. சாம்பாரு வாளிய வெச்சிட்டு வர்றதுக்குள்ள ஆளக் காணோம். அம்மாதான், ஓடிப் புடி, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு தொரத்துச்சு.

— எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.

— நான் இன்னும் கேக்கவே இல்லியேண்ணே.

— கேளும்மா. அவரு செக்கரு. தட்டிப் பாத்து நல்லது எது, கழிவு எதுன்னு பிரிக்கிற வேலை. நல்ல பீஸுக்கு அடியில சீல் குத்துவாரு. ஏங்க, சொல்லுங்களேன், வாயில என்ன வெச்சிருக்கீங்க?

— இதப் பாருங்கண்ணே. துணியில சுத்தி வெச்சிருக்கேன். அப்பா படத்துக்குக் கீழ இதத்தான் வெச்சிருந்தோம்.

— என்னம்மா இது? ஃபியூஸ் கட்டையா? ரெண்டா ஒடைஞ்சி கெடக்குது.

— ஆமாங்க்கா. எங்களுக்குக் கம்மாபுரத்துப் பக்கம் கொஞ்சம் நெலம். ஐப்பசி மழையில அப்பா மோட்டார் கொட்டாய்க்குப் போனாரு. பழமலைன்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், கரண்டு வேலை கத்துக்கிட்டவரு, வெறுங்கையில எதையும் தொட மாட்டாரு. பீங்கான் கட்டையத்தான புடிக்கிறோம்னு நம்பிப் புடிச்சிருக்காரு. உள்ள விரிசலு. மழைத்தண்ணி எறங்கியிருக்குது. நான் சோறு எடுத்துக்கிட்டுப் போனேன். கட்டை கையிலயே இருந்துச்சு.

— அய்யோ.

— அடியில பாருங்கண்ணே. பூச்சு இல்லாத எடத்துல ஊதா மையில ஒரு வட்டம், உள்ள ஏழு. யாரு அந்த ஏழுன்னு மூணு கம்பெனி வாசல்ல போயி நின்னோம். எங்களுது இல்ல, எங்களுது இல்லன்னு அனுப்பிட்டாங்க. கடைக்காரரு பில்லும் குடுக்கல.

— ஒவ்வொரு கம்பெனிலயும் ஏழாம் நம்பர் சீலோட ஒரு செக்கரு இருப்பாரும்மா. இத வெச்சிக் கண்டுபுடிக்க முடியாது.

— ஏங்க, கையில வாங்கிப் பாத்தாச்சும் சொல்லுங்களேன். தள்ளி நின்னுக்கிட்டே பேசுறீங்க. நல்ல பீஸுன்னா தட்டுனா மணி மாதிரி கேக்கும்பீங்க. விரிசலு இருந்தா சத்தமே செத்துப் போயிருக்கும்பீங்க. அப்ப சீல் குத்துனவனுக்கு அது கேக்கலயா?

— தட்டியிருக்க மாட்டான்.

— எப்புடிண்ணே சொல்றீங்க?

— அப்புடித்தான் நடக்கும்மா. லாரி வெளிய நின்னு ஆரன் அடிச்சிக்கிட்டே இருக்கும். சூப்பர்வைசரு தலைக்கு மேல நிப்பாரு. மொத ட்ரேயில ரெண்டு பீஸத் தட்டுவான். கணீர்னு கேக்கும். மிச்ச ட்ரே எல்லாத்துக்கும் மளமளன்னு சீல் குத்திடுவான். அவன் வேணும்னு செய்யல. மறுநாளு காலையில பாத்தா, கழிவு ட்ரே இருக்க வேண்டிய எடத்துல நல்ல ட்ரே இருக்கும். ட்ரே மாறி, கழிவு லாரில போயிடுச்சுன்னு அப்பத்தான் தெரியும்.

— தெரிஞ்சப்புறம் சொன்னானாண்ணே?

— லாரி போயிருக்குமேம்மா.

— போன் இல்லியா? ஏங்க, லாரி போயிட்டா போனும் போயிடுமா? தெரியாமக் குத்துனது வேற. தெரிஞ்சப்புறம் வாய மூடிக்கிட்டு மறுநாளு டூட்டிக்குப் போறானே, அதுக்கு என்ன பேரு? பொழுது வுடிஞ்சா சோறு எறங்குமா அவனுக்கு?

— எறங்காது, அம்சு. சொன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருப்பான். யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நெனச்சிக்கிட்டே இருப்பான். என்னிக்காச்சும் ஒரு நாளு, எங்கயாச்சும் ஒரு படத்துக்குக் கீழ அதப் பாக்குற வரைக்கும்.

— அண்ணே, நேருல பாத்த மாதிரி சொல்றீங்களே.

— ரயிலு வருது. தள்ளி நில்லு, அம்சு.

— நான் ஒண்ணு கேக்கட்டுமா, துர்கா? அந்தப் பிராது அவன் மேலதான கட்டுறீங்க?

— ஆமாங்க்கா. அம்மா ஆட்டோவுல கோயிலுக்குப் போயிடுச்சு. பேப்பரு எங்கிட்டதான் இருக்குது, நாலு மணிக்குள்ள கொண்டு போவணும். பேரு எழுதுற எடத்தை மட்டும் வுட்டிருக்கோம். தெரிஞ்சா எழுதலாம், இல்லன்னா அப்புடியே கட்டிடறது.

— அவனுக்கும் பொண்டாட்டி இருப்பா. புள்ளை இருக்கும். இல்ல, வயித்துல… அது அவங்க மேல வுழாதா?

— அம்மா மொத வரியே அதத்தான் எழுதச் சொல்லுச்சு. படிக்கட்டுமா? ‘அவன் பொண்டாட்டி புள்ளைக்கு ஒரு கொறையும் வரக் கூடாது. அவன் மட்டும் வந்து எங்க முன்னாடி நிக்கணும். ஏன் பாக்காம வுட்டேன்னு அவன் வாயால சொல்லணும்.’ அவ்ளோதான்க்கா. வேற எதுவும் கேக்கல. சரி அண்ணே, தெரியலன்னா வுடுங்க. கேட்டு தொறந்துட்டான். நீங்க கெளம்புங்க, பின்னால ஆரன் அடிக்கிறாங்க. யக்கா, பாத்துப் போங்க. அடுத்த தடவ வந்தா வறுவல் என் கணக்கு.

— வாங்க, சாவியப் புடிங்க. போலாம். ஏங்க? வண்டில ஏறாம ஏன் அங்கயே நிக்கிறீங்க?

— அம்சு, என் பாக்கெட்டுலேருந்து அந்த ரப்பர் சீலை எடு.

— எதுக்குங்க? இப்ப எதுக்கு அது? ஏங்க… வேணாங்க…

— துர்கா, அந்தப் பேப்பரை விரிம்மா. பேரு எழுத வுட்டிருக்குற எடத்துல நானே குத்திடறேன். ஏழுன்னு வுழும்.