ஹெலன் பேரம் பேசவில்லை

கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம், சார். டீ வாங்கித் தந்ததற்கு நன்றி. வரிசையாகவே சொல்கிறேன்.

என் பெயர் உலகநாதன். செங்கல்பட்டு பைபாஸில் பழைய வண்டி வாங்கி விற்கிறேன். எங்கள் தெருவில் கத்தரிக்காய் வாங்கினாலும் பேரம்தான். என் கல்யாணமே அப்படித்தான் முடிந்தது. நான் விலை சொல்ல வேண்டும், வந்தவர் பாதிக்குக் கேட்க வேண்டும், நான் நெஞ்சில் கை வைக்க வேண்டும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும், நான் கூப்பிட வேண்டும். அப்போதுதான் இரண்டு பேருக்கும் தூக்கம் வரும்.

என்னிடம் ஒரு வேன் கிடந்தது, என் கல்யாணத்துக்கு முந்திய மாடல். மாமல்லபுரத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக் குடியிருந்துவிட்டு, ஊருக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதைப் பார்க்க ஹெலன் வந்தார். தனி ஆள், கம்ப்யூட்டர் வேலை. வண்டியைச் சுற்றி வந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ தடவினார். நான் வாய்க்கு வந்த விலையைச் சொன்னேன்.

"சரிண்ணா. இதுலயே குடியிருக்கப் போறேன். கடலாண்ட நிறுத்திக்குவேன்," என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வண்டியில் ஏதோ இருக்கிறது. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் நிறுத்தியிருந்தார். வெளியே ஒரு நாற்காலி, மரத்துக்கு மரம் துணிக்கொடி. வேலை, சமையல், தூக்கம் எல்லாம் வண்டிக்குள்தான். போய்த் திருப்பிக் கேட்டேன். விலையை ஏற்றிக்கொண்டே போனேன்.

"இன்னாண்ணா, வித்த பொருளை யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?" என்று சிரித்தார். என் பயம் உறுதியானது.

பயம் எனக்கு மட்டும் இருப்பது நியாயமில்லை அல்லவா? அவர் இல்லாத நேரத்தில் போய்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து நாற்காலியில் வைத்தேன். காய்ந்த துணியை மடித்துப் படியில் வைத்தேன். மடித்துத்தான் வைத்தேன் சார், ஒன்றையும் திருடவில்லை.

அவர் பயந்துபோய் ஓடி வந்தது என்னிடம்தான்.

"யாரோ வந்துகினு போறாங்கண்ணா. கண்ணை மூட முடியல. ஜன்னலுக்குக் கம்பி போட்டுக் குடுங்க."

"தனியா கீறியே தங்கச்சி. வித்துட்டு ஒரு வூடு பாத்துக்கினு போயேன்."

"வண்டிய மட்டும் வுட மாட்டேண்ணா."

கம்பி போட்டேன். முன்கண்ணாடியை உடைத்து வருவார்கள் என்று சொல்லி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்தேன். அவர் பக்கத்திலேயே நின்றதால் சீட்டுக்கு அடியில் கை விட முடியவில்லை. கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள். வெளியே போகும்போது பூட்டிக்கொள்ள வெளியே ஒன்று. கூலி வாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

கத்திரி வெயில் மதியம். உள்ளே படுத்திருந்தார். போன் வெளியே நாற்காலியில் கிடந்தது. வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்று பொறுமையாகக் கேட்டேன்: "இந்த வண்டியில இன்னா கீது? சொல்லு, தொறக்கறேன்."

"அண்ணாத்த, வெளாடாதீங்க," என்று சிரித்தார். பிறகு கதவைத் தட்டினார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க நைனா ஓட்டின வண்டிண்ணா. செய்யூர்ல டிரைவர் ஜெபசிங்னு கேட்டுப் பாருங்க. சீட்டுக்கு அடியில சின்ன வயசுல என் பேரை ஆணியால கீறி வெச்சேன். அத்தத் தடவிப் பாத்துத்தான் வாங்கினேன். வேற ஒண்ணுமில்ல. தொறங்கண்ணா, மூச்சு முட்டுது."

நான் வியாபாரி, சார். முதலில் சொல்வதையே கடைசி விலையாக எடுத்துக்கொண்டவன் எவன் பிழைத்திருக்கிறான்? செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நடந்தேன். ரோட்டுக் கடையில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தோப்பு முடியும் வரைக்கும் அவர் கூப்பிடுவது கேட்டது. கூப்பிடுகிறார்கள் என்றால் இறங்கி வருகிறார்கள் என்று அர்த்தம். அப்போது திரும்பிப் பார்த்தால் பேரம் கெட்டுப்போகும்.

நான் வந்தபோது அவர் கூப்பிடவில்லை. வண்டிக் கதவில் கை வைத்தேன்; தோசைக்கல் மாதிரி சுட்டது. பேரத்தை முறித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். தாழ்ப்பாளை நீக்கினேன். கதவிடுக்கில் விரல்களை நுழைத்தபடி கிடந்தார். மூச்சில்லை.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவரைத் தாண்டிப் போகாமல், முன்பக்கமாக ஏறிச் சீட்டுக்கு அடியில் தடவினேன். பெயர் இருக்கிறது. கோணல்மாணலாக, குழந்தைக் கையெழுத்துத்தான். ஆனால் வெறும் பெயருக்காக அந்த விலையை யாராவது கொடுப்பார்களா, சார்? வண்டியைப் பிரித்துத்தானே பார்ப்பீர்கள்? பிரிக்கும்போது என்னையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.