கம்பளத்துக்கு எடுத்த தண்ணீர்

கம்பளத்தில் ஏதாவது சிந்திவிட்டால் தேய்க்கக் கூடாது, ஐயா. எல்லாரும் செய்கிற தவறு அதுதான். வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூடி வினிகர் கலந்தால் போதும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. கல்யாணமான புதிதில் காப்பியைக் கொட்டிவிட்டுப் பரபரவென்று தேய்த்தேன். "தேய்க்காதீங்க, ஒத்துங்க. மருந்துக்கடைக்காரருக்கு ஒத்தடம் குடுக்கக்கூடவா தெரியாது?" என்றாள். முப்பத்து நான்கு வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன் நான். வீட்டில் மட்டும் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அவள் கட்சி.

அது பாரசீகக் கம்பளம். கப்பலில் வேலை பார்த்த அவளுடைய அப்பா கொண்டுவந்தது. சிவப்புக் கம்பளி, நடுவில் கருநீலப் பூ, எல்லாம் கையால் போட்ட முடிச்சு. வெயில் ஒரே பக்கம் பட்டு நிறம் மங்கக் கூடாதென்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. ஓரத்துக் குஞ்சத்தைச் சீப்பால் வாரிவிடுவாள். என் தலையை வார உனக்கு நேரமில்லை, இதற்கு மட்டும் இருக்கிறதா என்று சீண்டுவேன். அங்கே வாருவதற்கு என்ன இருக்கிறது என்பாள்.

நான்கு வருடம் முன்பு அவளுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு எங்கள் மகள். கடைசியாக நான். என்னைச் 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். கம்பளத்தை மட்டும் மறக்கவில்லை. காலையில் போய் அந்த நீலப் பூவில் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது. கம்பளி சாய்ந்திருக்கும் பக்கமாகவே விரலால் தடவிக்கொண்டிருப்பாள். எதிர்ப்பக்கம் ஒருநாளும் தடவியதில்லை.

பிறகு அவளுக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. டயபர் கட்டினால் பிய்த்துப் போடுவாள். முதல் தடவை கம்பளம் நனைந்தபோது குனிந்து பார்த்துவிட்டு, "யாரு சார் இப்படிப் பண்ணது? அந்தம்மா பாத்தா திட்டுவாங்க" என்றாள். அந்தம்மா அவள்தான். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்து ஒற்றினேன்.

நாளுக்கு மூன்று தடவை, நான்கு தடவை ஒற்றினேன். நீலம் சிவப்புக்குள் இறங்க ஆரம்பித்தது. உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். வெளியே வருவது குறைய வேண்டுமானால் உள்ளே போவது குறைய வேண்டும். ஆறு டம்ளரை நான்காக்கினேன். நான்கை இரண்டாக்கினேன். பிறகு, காய்ச்சல் மருந்து பாட்டிலின் மேல் ஒரு சின்ன அளவு மூடி இருக்குமே, அதில் காலை ஒன்று, மாலை ஒன்று. கம்பளம் காய்ந்தது. வீட்டுக்கு வந்த டாக்டரம்மா தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டார். ஆறு டம்ளர் என்றேன்.

பிரேதப் பரிசோதனையில் எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு இது தெரியாதா என்கிறீர்கள். தெரியும். உதடு வெடிக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், பேச்சு குழறும். அவள் பேச்சு முன்பே குழம்பியிருந்ததால் வெளியே வித்தியாசம் தெரியாது என்பதும் தெரியும்.

கம்பளத்தைச் சுருட்டி வைத்திருக்கலாமே என்கிறீர்கள். சுருட்ட இரண்டு பேர் வேண்டும், தனியாக இழுத்தால் முடிச்சு தளரும் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ஞாயிறு தவறாமல் மகள் வருவாள். "அப்பா, இத சுருட்டி மேல வச்சிடலாம்ப்பா. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்" என்று இரண்டு முறை கேட்டாள். அம்மா தேடுவாள் என்று சொல்லி நான்தான் தட்டிக் கழித்தேன்.

அம்மா தேடியிருக்க மாட்டாள். இரண்டு நாளில் அதையும் மறந்திருப்பாள். நான் தேடியிருப்பேன். அந்த வீட்டில் என் மனைவி என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை நனைத்துக்கொண்டிருந்தவள் யாரென்று எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். ஓரத்தில் ஒரு பழைய கறையை ஒற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிண்ணம். அவள் நீலப் பூவிலிருந்து தவழ்ந்து வந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

அவள் என்னை 'என்னங்க' என்று கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கிண்ணத்தை எட்டாத இடத்தில் தள்ளி வைத்தேன். இதில் வினிகர் இருக்கிறது, குடிக்கக் கூடாது என்றேன். சொன்னதைக் கேட்கிற பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வினிகர் முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. கிண்ணத்தில் இருந்தது வெறும் தண்ணீர்தான்.