இட்டு என்றால் அவர்

மனைவியிடம் நான் பொய் சொன்னேன். அவள் வேலைசெய்த வீட்டின் எசமானி, அந்த சிஞ்ஞோரா, விடுமுறைக்கு ஸ்ட்ரோம்போலித் தீவுக்கு அவளையும் அழைத்தபோது, அங்குள்ள எரிமலை ஆபத்து என்று தடுத்தேன். எனக்குச் சமைக்க ஆளிருக்காது என்பதுதான் உண்மை.

பிறகொரு நாள் எங்கள் நகரின் பொலிதேயாமா சதுக்கத்துக்குப் போகும் பேருந்தில், அந்தத் தீவுக்குப் போய்வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி தன் தோழியிடம் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கை மலையை மலையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையடி. 'இட்டு' எண்டினம். அவையின்ரை பேச்சிலை 'அவர்' எண்டு கருத்தாம்."

"நாங்கள் புருசன்ரை பேரைச் சொல்லாத மாதிரியோ?"

"ஓம். அவர் உறுமி நெருப்பை மேலை எறியேக்கை நான் கும்பிட்டிட்டன்."

"என்ரை அவர் புகை மட்டும்தான் விடுவார்."

அடுத்த கோடையில் மனைவியை நானே கூட்டிப்போனேன். பேருந்தில் கேட்டதைப் படகில் சொன்னேன். அந்தியில் மலை நெருப்பை எறிந்ததும் அவள் கைகூப்பினாள்.

"அவரைப் பார்க்கவோ என்னை விடாமல் வைச்சிருந்தனீங்கள்?"

அன்றிலிருந்து வீட்டில் 'அவர்' என்றால் மலைதான். நான் வெறும் மனிசன்.