படுத்திருப்பவர்களுக்கு ஒத்திகை இல்லை

— அதெல்லாம் இருக்கட்டும்பா. அதிகாரிங்க சோதனைக்கு வந்திருக்கறப்போ நீங்க ஏன் திரும்ப உள்ள ஓடினீங்க? மேனேஜர் என்னை ஆபீஸ்ல உட்கார வச்சு, ரொம்ப மரியாதையா, உங்க அப்பாவால இந்த முதியோர் இல்லத்துக்கே கெட்ட பேருன்னு சொல்றார்.

— ஓடினேன்னா சொன்னார்? இந்த முட்டியை வச்சுக்கிட்டா? அவருக்குப் பெரிய மனசு.

— கிண்டல் வேண்டாம்பா. என்ன நடந்துச்சுன்னு நேரா சொல்லுங்க.

— சொல்றேன் கண்ணு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். நல்ல நாற்காலியெல்லாம் அதிகாரிங்க போனதும் ஆபீஸுக்கே திரும்பிடுச்சு. கட்டில்ல உட்காரு. தீப் பாதுகாப்புச் சோதனைன்னு தெரிஞ்சதும் இங்க ஒரே அமர்க்களம். அவசரத்துக்கு வெளிய போற வழின்னு சுவர் முழுக்கப் பச்சை அம்பு ஒட்டினாங்க. அம்பு காட்டின வழியே போனா பின்கதவு. கதவைத் திறந்தா உடைஞ்ச கட்டிலா அடுக்கி வச்சிருக்கு. அதை அப்புறப்படுத்த ஆள் கிடைக்கல. அதனால அம்பைத் திருப்பி ஒட்டிட்டாங்க.

— விளையாடறீங்க.

— நானா விளையாடறேன்? வாசல்ல தீயணைக்கிற சிலிண்டர் தொங்குதே, பார்த்தியா? மேல சுத்தின பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கல. தூசி படிஞ்சா மார்க் போயிடுமாம். தீப்பிடிச்சா முதல்ல கத்தரிக்கோல் தேடணும்.

— சரி, தீ ஒத்திகை அன்னிக்கு?

— மணி அடிச்சுது. முன்னாடியே சொல்லிக் கொடுத்த மாதிரி, நடக்கறவங்க எல்லாம் வரிசையா தோட்டத்துக்குப் போய் நின்னோம். சிரிச்ச முகமா வரணும்னு வேற உத்தரவு. ஆளுக்கொரு டம்ளர் ஜூஸ் கொடுத்தாங்க. மேனேஜர் தலையை எண்ணிட்டு, எல்லாரும் பத்திரமா வெளிய வந்தாச்சுன்னார். அதிகாரிங்க கைதட்டினாங்க. நான் போய், மாடியில இருக்கறவங்க இன்னும் வரலியே தம்பின்னு கேட்டேன்.

— படுக்கை வார்டா? எழுந்திரிக்க முடியாதவங்களை எப்படிப்பா கூட்டிட்டு வர்றது?

— அதைத்தான் நானும் கேட்டேன். ஒத்திகைதானே ஐயா, அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னார் மேனேஜர். பெரிய அதிகாரி என்னைக் குழந்தையைப் பார்க்கற மாதிரி பார்த்தார். படுக்கையில இருக்கறவங்க இந்தக் கணக்குல வர மாட்டாங்களாம். நிஜமா தீப்பிடிச்சா, அந்தக் கணக்கைத் தீகிட்டயும் சொல்லிடுவீங்களான்னு கேட்டேன். ஜூஸ் குடிக்கச் சொன்னார். நான் கண்டக்டரா இருந்தவன்மா. படியில ஒரு ஆள் கால் வச்சிருக்கறப்போ விசில் கொடுத்ததே இல்ல. டம்ளரை வச்சுட்டு உள்ள போயிட்டேன்.

— யாரும் தடுக்கலியா?

— எல்லாரும் போட்டோவுக்கு நின்னுட்டு இருந்தாங்க. லிஃப்டை நிறுத்தி வச்சிருந்தாங்க, விதிப்படி. கைப்பிடியைப் பிடிச்சுப் படியேறினேன். மேல நம்ம தபால்காரர் இருக்கார்ல?

— இடுப்பு உடைஞ்சு படுத்தவர். நீங்க பேப்பர் படிச்சுக் காட்டுவீங்களே, அவர்தானே?

— அவரேதான். கைக்குட்டையைத் தண்ணியில நனைச்சு மூக்கு மேல போட்டுக்கிட்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

— ஏன்?

— இது ஒத்திகைன்னு மாடியில ஒருத்தருக்கும் சொல்லலம்மா. கீழ தடதடன்னு எல்லாரும் போற சத்தம் கேட்டிருக்கு. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டார். பக்கத்துக் கட்டில் டீச்சரம்மா சின்னக் குரல்ல மகனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் போய் தபால்காரர் கையைப் பிடிச்சேன். கண்ணைத் திறக்காமலே, நீ ஏன்டா வந்தே, கீழ போடாங்கறார்.

— அப்பா.

— இரு, முழுசா கேளு. ஒண்ணுமில்ல, வெறும் ஒத்திகைன்னு சொன்னதும் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினார். அப்புறம், கீழ ஜூஸ் கொடுத்தாங்களான்னு விசாரிச்சார். ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் என் கையை விட மாட்டேன்னுட்டார். அதுக்குள்ள கீழ ஒரு தலை குறையுதுன்னு தேடிக்கிட்டு அதிகாரி மேல வந்துட்டார்.

— அவர் அங்க இருந்தவங்களைப் பார்த்தாரா?

— என்னைப் பார்த்தார். வெளியேறின முதியவர் மறுபடியும் உள்ள போனார், பெரிய விதிமீறல்னு எழுதிட்டார். மத்தபடி இல்லத்துக்கு முதல் தரம். மாடியில அத்தனை பேர் கிடந்தது குத்தமில்ல. நான் போய்ப் பார்த்ததுதான் இங்க கண்டுபிடிச்ச ஒரே குறை. என்னம்மா, ஏன் முகம் இப்படிப் போகுது? எனக்கு ஒண்ணும் ஆகலியே.

— நீங்க தனியா படியேறறது ஆபத்து, இனிமே தனிக் கவனிப்பு வேணும்னு மேனேஜர் சொன்னார்பா. எனக்கு இதெல்லாம் தெரியாது. நல்லதுக்குத்தான் சொல்றார்னு நினைச்சேன்.

— தனிக் கவனிப்புன்னா?

— நீங்க இறங்க முடியாதபடி ரெண்டு பக்கமும் கம்பி வச்ச கட்டில். மாடி வார்டுல, தபால்காரருக்குப் பக்கத்துல. உங்களைக் கேக்காமலே நான் சரின்னு சொல்லிட்டேன்பா.