புதன்கிழமைன்னு போடு

— நாலாவது தடவையா சோப்பு போடுற. தோல் உரிஞ்சுடப் போகுது, வெளிய வாம்மா.

— நாத்தம் போகலைங்க.

— எனக்கு ஒண்ணும் அடிக்கலையே.

— உங்களுக்கு எங்க அடிக்கும்? நாள் பூரா பஸ் ஓட்டி, டீசல் புகையைக் குடிச்ச மூக்கு அது. யூனிபார்மை என்ன பண்ணீங்க?

— ஊறப்போட்டிருக்கேன்.

— எரிச்சுடுங்க.

— அரசாங்கச் சொத்தை எரிச்சா உன் ஸ்டேஷன்லயே உன்னை உட்கார வச்சுடுவாங்க. சரி சரி, முறைக்காத. சாப்பாடு எடுத்து வைக்கிறேன்.

— சாப்பாட்டுப் பேச்சை எடுத்தீங்க, இங்கயே வாந்தி எடுத்துடுவேன்.

— பொணம் பாக்கறது உனக்கென்ன புதுசா? பதினாலு வருஷப் போலீஸ்காரி. போன மாசம் தண்டவாளத்துல கிடந்ததைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்துட்டு வந்து, நின்னபடியே சாப்பிட்டியே.

— ஆமா, சாப்பிட்டேன். ரெண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டேன். அதை நினைச்சாதான் இப்பக் குமட்டுது.

— என்னதான் நடந்துச்சு, சொல்லித் தொலையேன்.

— கட்டி முடிக்காத கட்டடம். லிப்ட் வைக்கறதுக்குத் தோண்டின குழியில ஒரு ஆளு. பெயின்ட் அடிக்கறவன். ரெண்டு நாளா அங்க வேலை நடக்கலை. இன்னிக்குக் காலையில வேலைக்கு வந்தவங்க பாத்திருக்காங்க. தீயணைப்புக்காரங்க இறங்கினாங்க, நாங்க நாலு பேர் கயித்தை இழுத்தோம். குழியில முழங்கால் அளவுக்குச் சாக்கடைத் தண்ணி. மேல வர்றப்ப அவன் கை வந்து என் சட்டையில ஒட்டிக்கிச்சு.

— ச்சீ.

— சுத்தி நின்னவனெல்லாம் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். எங்க இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்ல. மூக்குல கைக்குட்டையை வச்சுக்கிட்டு, "சீக்கிரம் முடிங்கப்பா, ரோடு அடைச்சுக்கிச்சு"ங்கறாரு.

— அந்தாளு என்னிக்குத்தான் இறங்கியிருக்காரு? விடு.

— விட்டு விட்டுத்தான் நான் இப்படி ஆயிட்டேன்.

— எப்படி?

— ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விழுந்திருக்கான். திங்கக்கிழமை அவங்க அப்பா ஸ்டேஷனுக்கு வந்தாரு. "பையனைக் காணோம்மா. வேலை பாத்த கட்டடத்தைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க, காவல்காரன் என்னை உள்ள விடமாட்டேங்கறான்"னாரு.

— யார்கிட்ட?

— எங்கிட்டதான்.

— நீ என்ன சொன்ன?

— பதினாறு நாளா லீவு இல்ல. முந்தின நாள் பூரா ஊர்வலத்துக்குக் காவல். ஒண்ணுக்குப் போகக்கூட இடமில்லாம ஒன்பது மணி நேரம் நின்னிருக்கேன். கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான் அவர்கிட்டயும் சொன்னேன். "எங்கயாவது குடிச்சுட்டுக் கிடப்பான். ரெண்டு நாள் பாத்துட்டு வா, போ."

— வா, போன்னா சொன்ன? உங்க அப்பா வயசு ஆளை?

— இப்ப அதுவா முக்கியம்?

— சரி... நீ போய்ப் பாத்திருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? விழுந்த உடனேயே போயிருப்பான்.

— இல்லைங்க. டாக்டர் பாத்ததும் சொல்லிட்டாரு. விழுந்ததுல கால்தான் ஒடிஞ்சிருக்கு. உயிர் போனது நேத்து சாயங்காலம்.

— அய்யோ.

— குழிச் சுவத்துல, கை எட்டற உயரம் வரைக்கும் பிறாண்டி வச்சிருக்கான்.

— போதும், நிறுத்து... பெரியவர் திங்கக்கிழமையே வந்தது இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமா?

— நானே சொன்னேன். கத்துவாருன்னு பாத்தேன். கத்தலை. டீ வரவழைச்சுக் கொடுத்தாரு. "புகார் இன்னிக்குத்தான் வந்துச்சு. புதன்கிழமைன்னு போடு"ன்னாரு.

— போடலையே?

— முத்து முத்தா எழுதினேன்.

— பெரியவர் சும்மா இருப்பாரா? முன்னாடியே வந்தேனேன்னு சத்தம் போடுவாரே?

— போட்டாரு. எங்கிட்டயே சொல்லி அழுதாரு. "திங்கக்கிழமை எவளோ ஒருத்தி தலையைக்கூட நிமிர்த்தாம விரட்டிவிட்டா. நீயாவது பக்கத்துல நிக்கறியேம்மா"ன்னு.

— அவருக்கு உன்னை அடையாளமே தெரியலையா?

— கண்ணு பூரா தண்ணி. புகார்ல நான் எழுதின எழுத்தே தெரியலை அவருக்கு. "எந்த இடத்துலம்மா கையெழுத்துப் போடணும்?"னு கேட்டாரு. விரலை வச்சுக் காட்டினேன்.