பால் காய்ச்சிய வீடு

எனக்கு யானைகளைப் பிடிக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், செய்தியில் என்னைப் பற்றிப் படித்தவர்கள் நான் குளிர்சாதன அறையை விட்டு வெளியே வராத ஆள் என்று நினைத்திருப்பார்கள். அப்படியில்லை. அட்டை கடிக்கக் கடிக்கக் காடுமேடெல்லாம் நடந்திருக்கிறேன். யானை போன தடத்தைப் பார்த்தே அது நிதானமாகப் போனதா, விரட்டப்பட்டு ஓடியதா என்று சொல்லிவிடுவேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அவசரம் எனக்கில்லை.

என் பெயர் கமலநாதன். தொழில், வரைபடம் போடுவது. லாயாங் லாயாங்கைத் தாண்டி உள்ளே போனால் இரண்டு காட்டுத் துண்டுகள் இருக்கின்றன, நடுவில் செம்பனை எண்ணெய்த் தோட்டம். யானைகளுக்கு இந்தக் காடும் வேண்டும், அந்தக் காடும் வேண்டும். நடுவில் நாம் போய் உட்கார்ந்துகொண்டு, யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று கூப்பாடு போடுகிறோம். மின்வேலி எங்கே போட வேண்டும், யானைகள் கடந்து போக எந்த இடத்தில் வழி விட வேண்டும் என்று கணித்துச் சொல்லும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனம் அதை என்னிடம் கொடுத்தது.

இன்னொரு வேலையும் இருந்தது. கூட்டத்தை நடத்திச் செல்லும் பெண் யானையின் கழுத்தில் ஒரு பட்டை மாட்டியிருந்தார்கள். அது எங்கே நிற்கிறது என்பது எங்கள் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். ஆள் குடியிருக்கும் வீட்டை அது நெருங்கினால் அந்த வீட்டுக்காரர்களின் கைப்பேசிக்குத் தானாகவே செய்தி போகும். தோட்டத்து ஆட்களிடம் இதை விளக்க எனக்கு நேரம் ஆகாது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பேன். இந்தக் காலத்து மணி உங்கள் போனில் அடிக்கும் என்பேன். சிரிப்பார்கள்.

வழி விட இரண்டு இடங்கள்தான் இருந்தன. மேல்வழி, புதிதாகக் கட்டிய தாமான் வீடமைப்பின் பின்வரிசை வீடுகளை ஒட்டிப் போகும். கீழ்வழி, பழைய தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளை ஒட்டிப் போகும். நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஆள் இருக்கும் கட்டத்துக்கு அதிக எடை கொடுப்போம். எடை குறைந்த பக்கமாகக் கணினி ஒரு கோடு இழுக்கும். அதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. நாம் எதைப் போடுகிறோமோ அதைத்தான் திருப்பித் தரும். கோடு கீழ்வழியாகப் போனது. தாமானில் அத்தனை குடும்பங்கள், லயத்தில் யாரும் இல்லை என்றால் எவனும் கீழ்வழியைத்தான் தேர்ந்தெடுப்பான்.

தாமானைப் பற்றிச் சொல்கிறேன். நான் கள ஆய்வுக்குப் போனபோது எல்லா வீட்டிலும் பூட்டுத் தொங்கியது. சீனர்கள் வாசலுக்கு மேல் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மலாய்க்காரர்கள் டோவா பிரார்த்தனை ஓதி, விருந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நம் ஆட்கள் மாவிலை கட்டி, பால் காய்ச்சி, நாலு பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, மறுபடி சிங்கப்பூருக்கோ ஜொகூர் பாருவுக்கோ கிளம்பிவிட்டார்கள். மாவிலை காய்ந்து சருகாகக் கிடந்தது. மின்ரயில் வந்த பிறகு குடிவரலாம் என்று எல்லோருக்கும் ஒரே எண்ணம்.

நான் அந்த வீடுகளையெல்லாம் குடியிருப்பு என்று குறித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் நான்கு பேர். இதைப் பொய் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் பால் காய்ச்சிவிட்டால் அது குடிபோன வீடுதான். பெட்டி படுக்கை பிறகு வரும். என் மனைவி புஷ்பவள்ளி தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து, பின்வரிசையில் மூலைக்கு முந்தின வீட்டில் பால் காய்ச்சினாள்.

ஆமாம், அதில் ஒன்று எங்கள் வீடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து உலு திராமில் வாடகை வீடுதான். ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். பால் பொங்கி வழிந்தபோது புஷ்பவள்ளி அழுதாள். அழுதபடியே, "ஏங்க, பின்னால ஒரு முருங்க வைக்கலாங்க, நம்ம எடந்தானே," என்றாள். அந்தச் சுவருக்குப் பின்னால் யானைகள் போகப் போகின்றன என்று நான் அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

இனி லயம். தோட்டத்தை விற்றாகிவிட்டது, மின்சாரத்தையும் வெட்டிவிட்டார்கள். ஆனாலும் மாற்று வீடு தருவதாகச் சொன்னதை நம்பி நாலைந்து குடும்பங்கள் அங்கேயே இருந்தன. முதல் வீட்டில் கருப்பாயி அக்கா. உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை. மகன் செல்வா தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வருகிறவன். என்னைப் பார்த்ததும் அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வெயில்ல நிக்கிறீங்களே தம்பி. உக்காருங்க, தேத்தண்ணி கலக்குறேன்."

எனக்காகப் புதிய பால் டின் ஒன்றை உடைத்தார். விறகடுப்பு. தேநீர் நன்றாகத்தான் இருந்தது. யானையின் பெயரை அவர் சொல்லவில்லை, சாமி என்றார்.

"சாமி எப்ப வருது, எப்ப போவுதுன்னு தெரியல தம்பி. விடியக்காலயில பைப்புக்குப் போறப்ப தகரத்தத் தட்டிக்கிட்டே போவேன். அது பாட்டுக்கு ஒதுங்கிரும். பக்கத்து வீட்டுலதான் ஏசுறாங்க, தூக்கம் கெடுதுன்னு. நம்ம லயத்தயும் உங்க மேப்புல போட்டுருவீங்கதானே?"

"போட்டுர்றேன்க்கா."

தன் கைப்பேசி எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பதிந்துகொண்டேன். இனி தகரம் தட்ட வேண்டாம் என்றேன். "மெசேஜ் வரும்க்கா. வரலன்னா பயமில்லன்னு அர்த்தம்." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

காரில் ஏறி, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, லயம் முழுவதையும் காலி என்று குறித்தேன். மின்சார இணைப்பு இல்லை, தோட்ட நிர்வாகத்தின் பதிவில் ஆள் இல்லை. யார் சரிபார்த்தாலும் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். அக்காவின் எண்ணை மட்டுமாவது சேர்த்திருக்கலாமே என்று நேற்று உங்கள் அதிகாரி கேட்டார். காலி வீட்டுக்கு எதற்குக் கைப்பேசி எண்? எண்ணைச் சேர்த்தால் ஆள் இருப்பது தெரியும். ஆள் இருப்பது தெரிந்தால், தாமானில் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கோடு மேல்வழிக்கு மாறும்.

வேலி போட்டார்கள். யானைகள் விட்ட வழியில் போய்வந்தன. ஒரு மாதத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு கூட்டத்தில் என் வரைபடத்தைப் பெரிய திரையில் காட்டிக் கைதட்டினார்கள்.

அந்த நாளைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை, கேட்க உங்களுக்குத் தோன்றியிருக்காது. நான் எப்போதும் விடியுமுன் எழுகிறவன். புஷ்பவள்ளி தூங்கிக்கொண்டிருந்தாள். காப்பி கலக்கிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். புள்ளி மூன்றாம் டிவிஷனுக்குள் இருந்தது. தண்ணீர்க் குழாய்ப் பக்கமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. எந்தச் செய்தியும் போகவில்லை; வரைபடத்தின்படி அங்கே ஆள் கிடையாது.

கருப்பாயி அக்காவின் எண் என் கைப்பேசியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அழைத்து, வெளியே போகாதீங்கக்கா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிறகு அவர் நாலு பேரிடம் சொல்வார்: மேப்புக்காரத் தம்பி போன் பண்ணிச்சு, அதான் தப்பிச்சேன். காலி லயத்தில் ஆள் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். நான் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். புள்ளி குழாயடியில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு காட்டுப் பக்கம் வேகமாகப் போனது. வழக்கத்தைவிட வேகம். எனக்குப் புரிந்துவிட்டது. காப்பியைக் குடித்து முடித்தேன்.

சாவுக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. செல்வா என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா போன்ல சார்ஜ் கொறயவே விடமாட்டாங்கண்ணே. கடையில குடுத்து ஏத்தி வாங்கிட்டு வருவாங்க. அன்னிக்கும் மெசேஜ் வந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் வெளிய போனாங்க. தகரத்த எடுத்துக்கிட்டுப் போம்மான்னேன். அந்தத் தம்பி சொல்லிருக்குடா, மெசேஜ் வரலன்னா பயமில்லன்னுட்டாங்க." அந்தத் தம்பி நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மற்ற குடும்பங்களும் பயந்து பெக்கோக் பக்கம் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டன. புஷ்பவள்ளிக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. புது வீட்டுச் சாவியை சாமி மாடத்திலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டாள். அந்த வீட்டில் இன்னும் யாரும் குடியேறவில்லை. அந்த வரிசையிலேயே யாரும் குடியேறவில்லை.

நீங்கள் என்னைப் பிடிப்பதற்கு முந்தின வாரம், மூன்றாம் டிவிஷன் விவரங்களைத் திருத்திக் கொடுக்கும்படி நிறுவனத்தில் சொன்னார்கள். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. நேரில் போனேன். ஒவ்வொரு வீடாகக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். கருப்பாயி அக்கா வீட்டில் அடுப்புச் சாம்பலைக்கூட யாரோ அள்ளியிருந்தார்கள். திரும்பி வந்து, திருத்தம் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். லயம் காலியாகத்தான் இருக்கிறது.